மலையில் மாதாந்தரக் கவிதைக் கூட்டம் நிற்குமா? (உதகை, குன்னூர், கோத்தகிரி)

அருவங்காட்டு வாசகி – 6 ஜனவரி 2025

குன்னூரில் மாதம் ஒரு கவிதைக் கூட்டம் தொடங்கலாம் என்று ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். கேட்கிற எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: மலையில் உள்ளூர்க் கூட்டம் நாலு மாதம் தாண்டாது, இலக்கியம் என்றால் கீழிருந்து ஆள் வந்து முகாம் போட்டுவிட்டு இறங்கிப் போவதுதான் என்று. கோவையில் நடப்பதுபோல் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒரு ஹால், ஒரு மைக், ஒரு சிறப்பு விருந்தினர் என்று திட்டம். இதில் என்ன தப்பு?

பைக்காரா – 6 ஜனவரி 2025

மாலை 6 மணிதான் தப்பு. மற்றதெல்லாம் அப்புறம்.

பைக்காரா – 7 ஜனவரி 2025

நேற்று அவசரமாக எழுதினேன். விரிவாக.

மலையில் கூட்டம் நின்றுபோவதற்குக் கவிதைமேல் ஆர்வம் இல்லாதது காரணமில்லை. வந்தவர் வீடு திரும்ப முடியாததுதான் காரணம். 6 மணிக்குத் தொடங்கினால் 8:30 ஆகும். அந்நேரத்துக்கு ஹட்டிகளுக்கும் (படகர் ஊர்கள்) எஸ்டேட்களுக்கும் போகிற டவுன் பஸ் இருக்காது. குன்னூர், கோத்தகிரி சாலைகளில் இருட்டினால் காட்டெருமை நிற்கும், கரடி குறுக்கே போகும். பெண்கள் வரமாட்டார்கள், வயதானவர்கள் வரமாட்டார்கள், தோட்டத்தில் வேலை செய்பவர்கள் சனிக்கிழமை வேலை முடித்து வரவே முடியாது. டவுனில் சொந்த வண்டி வைத்திருக்கும் ஆறு ஆண்கள் மட்டும் மிஞ்சுவார்கள். ஆறு பேர் நாலு மாதத்தில் சண்டை போட்டுக்கொள்வார்கள். இதுதான் அந்த "நாலு மாதக்" கணக்கு.

ஞாயிறு, காலை 11:30 முதல் 2:30 வரை வையுங்கள். 11:30 ஏன் என்றால், சர்ச் ஆராதனை முடிந்து வருபவர்கள் இங்கே நிறைய. 2:30 ஏன் என்றால், பெரும்பாலான மாதங்களில் மூன்று மணிக்குமேல்தான் மூடுபனி கனமாக இறங்கும்.

எந்த ஞாயிறு என்பதும் முக்கியம். தோட்டச் சம்பளம் மாதத்தின் 7 அல்லது 10-ஆம் தேதிக்குள் வரும். முதல் இரண்டு ஞாயிறும் ரேஷன், சந்தை, கடன் அடைப்பு என்று போய்விடும். மூன்றாம் ஞாயிறுதான் காலியான ஞாயிறு. அதை நிலையாக வைத்துக்கொண்டால் நோட்டீஸே தேவைப்படாது.

தேவாலாக்காரன் – 7 ஜனவரி 2025

பைக்காரா சொல்வது குன்னூருக்குச் சரி. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருந்து வருபவர்களை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. உதகையிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர், மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். குன்னூர் இன்னும் 19 கிலோமீட்டர் தள்ளி. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் எங்கள் பக்கம் மழை கொட்டும்போது மரம் சாய்ந்து பாதை அடைபடும். உங்களுக்கு அப்போது தூறல்தான், அதனால் கூட்டத்தை ரத்து செய்யமாட்டீர்கள். "கூடலூர்க்காரர்கள் ஆர்வம் குறைந்துவிட்டது" என்று பேச்சு வரும்.

பைக்காரா – 9 ஜனவரி 2025

நியாயம். மாவட்டத்துக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலா, அவலாஞ்சி, குந்தா பக்கத்தை அடிக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை அடிக்கும். பர்லியாறு பாதையில் மண் சரியும், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ரயிலை நிறுத்துவார்கள். 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே ஒரே ஊரில் பன்னிரண்டு மாதமும் நடத்தாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோத்தகிரி அல்லது குன்னூர். அந்த மூன்று மாதமும் கூடலூரில் அவர்களே தனியாகச் சிறு கூட்டம் போட்டுக்கொள்ளட்டும், அங்கே வாசித்த கவிதைகளைச் செப்டம்பரில் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். அக்டோபர், நவம்பர் உதகை. டிசம்பர் முதல் மார்ச் வரை கூடலூர் உட்பட எங்கும் வைக்கலாம். அதில் ஒன்று: டிசம்பர் கடைசி, ஜனவரியில் ஹெத்தை அம்மன் பண்டிகை வரும் வாரத்தைத் தொடாதீர்கள், படகர் யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. ஏப்ரல், மே கோடை சீசனில் உதகையை மறந்துவிடுங்கள். ஹால் வாடகை, நெரிசல், மலர்க் கண்காட்சி. அந்த இரண்டு மாதமும் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை போதும்.

அருவங்காட்டு வாசகி – 9 ஜனவரி 2025

சிறப்பு விருந்தினர் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. கோவையிலிருந்து ஒருவர் வரச் சம்மதித்திருக்கிறார். ரயிலில் வர ஆசையாம்.

பைக்காரா – 10 ஜனவரி 2025

மேட்டுப்பாளையத்தில் காலை 7:10-க்குக் கிளம்பும் ரயில் 46 கிலோமீட்டர் ஏறி உதகைக்கு நண்பகலை ஒட்டித்தான் வரும். குன்னூருக்கு வந்து சேரவே பத்தரை தாண்டும். ரயில் பற்றிக் கவிதை எழுதலாம், ரயிலை நம்பிக் கூட்டம் வைக்கக்கூடாது.

காரில் வந்தால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் வந்தால் வேண்டாம், டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டிக்கும் வேண்டாம். சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று போலீஸ் ஒருவழியாக்கிவிடும். கோத்தகிரியில் கூட்டம் என்றால் அவர் குன்னூர் சுற்றி வர வேண்டியிருக்கும், ஒரு மணி நேரம் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல்: விருந்தினர் ஒரு மணி நேரம் பேசினால் உள்ளூர் ஆட்கள் வாசிக்க நேரம் இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் போதும். அவரும் மற்றவர்களைப் போல ஐந்து நிமிடம் வாசிக்கட்டும். கடைசியில் இருபது நிமிடம் அன்று கேட்ட கவிதைகளைப் பற்றிப் பேசட்டும். இதற்குச் சம்மதிக்காதவரைக் கூப்பிட வேண்டாம்.

முகாம் பற்றி ஏளனமாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உதகை ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலம் 1923-ல் நடராஜ குரு தொடங்கியது. அவருடைய சீடர் நித்ய சைதன்ய யதி 1999-ல் மறையும்வரை அங்கே இருந்தார். அவர் பெயரில் நடக்கும் இலக்கிய முகாமுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வாசகர்கள் வந்திருக்கிறார்கள். மூன்று நாள் தங்கி அமர்வு அமர்வாக விவாதிப்பது வேறு வேலை, மாதம் மூன்று மணி நேரம் உள்ளூர்க்காரர் கூடுவது வேறு வேலை. ஒன்று மற்றதற்குப் போட்டி இல்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே பாடம் நேர ஒழுங்கு.

பைக்காரா – 13 ஜனவரி 2025

ஹால், மைக்.

முதலில் கூரையைப் பாருங்கள். தகரக் கூரை என்றால் மழை நாளில் மைக் வைத்தும் கேட்காது. கான்கிரீட் தளம் அல்லது தகரத்துக்குக் கீழே பலகை அடித்த இடம் வேண்டும். பழைய பங்களா ஹால்கள் பார்க்க அழகு, ஆனால் உயரமான வெற்றுச் சுவரில் குரல் திரும்பி வந்து சொல்லின் கடைசி எழுத்தைத் தின்னும். பின்சுவரில் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டால் பாதி சரியாகும்.

நாற்பது பேருக்கு ஒரு பத்து அங்குல ஸ்பீக்கர் போதும், காது உயரத்துக்கு ஸ்டாண்டில். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் கூவும். டைனமிக் மைக் வாங்குங்கள். கண்டென்சர் மைக் ஈரக்காற்றில் படபடவென்று சத்தம் போடும். குளிரில் கிடந்த கருவியை ஆட்கள் நிறைந்த ஹாலுக்குள் கொண்டுவந்து உடனே திறக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பெட்டியோடு அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். சாதாரண பேட்டரி செல் குளிரில் சீக்கிரம் தளரும், மாற்றுச் செல் சட்டைப்பையில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் பேட்டரி நீடிக்கும் என்று சொல்பவர் யாராவது இருந்தால் அவரை உதகைக்கு ஜனவரியில் அனுப்பிவையுங்கள், ஊரே ஃப்ரிட்ஜ்தான்.

பேனர்: ஃப்ளெக்ஸ் வேண்டாம், துணியில் எழுதுங்கள். போஸ்டர் கலர் பனியில் வழியும், அக்ரிலிக் வழியாது.

குறிஞ்சியாண்டவர் தெரு – 14 ஜனவரி 2025

கொடைக்கானலிலிருந்து. எங்களுக்கும் இதே கதைதான், இரண்டு வேறுபாடு. மழை இங்கே பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில். இன்னொன்று, வத்தலக்குண்டு இறங்க வேண்டியவர்கள் இருந்தால் 2:30 கூட தாமதம், மலை இறங்கி முடிக்க இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். ஒரு விதியும் வைத்திருக்கிறோம்: குறிஞ்சிப்பூ பற்றிக் கவிதை ஒரு கூட்டத்துக்கு ஒன்றுதான். பூ 2018-ல் பூத்தது, அடுத்து 2030. கவிதைகள் காத்திருப்பதில்லை.

பைக்காரா – 14 ஜனவரி 2025

இங்கே அந்த விதியைத் தேயிலைக்கும் நீட்ட வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கொழுந்து பறிப்பதில்லை.

தேவாலாக்காரன் – 16 ஜனவரி 2025

பறித்தவர்கள் எழுதியதும் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தத்தான் அரசு இங்கே தேயிலை போட்டது. டான்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டங்கள் அப்படி வந்தவை. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் எல்லா இடத்திலும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. பாட்டிமார்களிடம் தோட்டப் பாட்டு இருக்கிறது, பேரப்பிள்ளைகள் போனில் கவிதை எழுதுகிறார்கள். இவர்களை "நாட்டுப்புறப் பாடல்" என்று ஒரு தனி மூலையில் உட்கார வைக்காமல் கவிஞர்கள் வரிசையிலேயே கூப்பிட வேண்டும். பெரட்டு, லயம், கங்காணி என்று தோட்டச் சொற்களிலேயே அவர்கள் எழுதினால் தொகுப்பாசிரியர் அடிக்குறிப்புப் போடத் துடிக்கக் கூடாது.

பைக்காரா – 19 ஜனவரி 2025

ஒத்துக்கொள்கிறேன். மொழி விஷயத்தை இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இந்த மாவட்டத்தில் கவிதைக் கூட்டம் என்றால் தமிழ் மட்டும் என்று வைத்தால் பாதி ஊர் வெளியே நிற்கும்.

நிகழ்ச்சி நிரல்: பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம், இரண்டு கவிதைக்கு மேல் இல்லை. இருபத்துநாலு வரிக் கவிதை நிதானமாக வாசித்தால் ஒன்றரை நிமிடம்தான் ஆகும். மீதி நேரம் விளக்கத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கம் கொடுத்துவிட்டுக் கவிதை வாசிப்பவரை மணி அடித்து நிறுத்தலாம். ஆறு பேருக்குப் பின் தேநீர், பிறகு ஆறு பேர், பிறகு ஒரு மணி நேரம் பேச்சு.

படகர் மொழி, மலையாளம், கன்னடம், ஆலு குறும்பர் மொழி எதுவானாலும் மூலம் முழுதாக முதலில். பிறகு தமிழில் சாரம் நாலைந்து வாக்கியம். வரிக்கு வரி மாற்றி மாற்றி வாசித்தால் இரண்டும் கெட்டுவிடும். தோடர் பாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். மொழியியலாளர் எமனோ 1930-களில் இங்கே தங்கிப் பதிவு செய்து 1971-ல் நூலாக வெளியிட்டவற்றைப் பார்த்தால் புரியும்: மூன்று அசை கொண்ட சிறு அலகுகள், ஒவ்வொரு கூற்றுக்கும் இணையாக இன்னொரு கூற்று. இணையை உடைத்து வரி வரியாகத் தமிழாக்கினால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வதுபோல் கேட்கும், சபை நெளியும்.

படகர் பாட்டு ஆட்டத்துக்கான மெட்டில் வந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். நடுவில் வைத்தால் நாற்காலிகள் ஓரமாகப் போய்விடும், அதன்பின் புதுக்கவிதையை யாரும் கேட்கப்போவதில்லை.

கோத்தர் பழங்குடியினரின் இசையை "வரவேற்பு மேளமாக" கேட்காதீர்கள். ஒருகாலத்தில் மற்றவர்கள் வீட்டுச் சாவுக்கு வாசித்ததை அவர்கள் நிறுத்தியதற்குப் பின்னால் மரியாதை பற்றிய நீண்ட வரலாறு இருக்கிறது. ஏழு கோக்கால்களில் (கோத்தர் ஊர்கள்) எந்த ஊர்க்காரர்களைக் கூப்பிடுகிறீர்களோ அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, எந்த மெட்டை வெளியே வாசிக்கலாம் என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். சாமிக்கு உரியதும் சாவுக்கு உரியதும் தனித்தனி. நடைமுறைக்கு: தபட்க் என்ற பறையின் தோலை நெருப்பில் காட்டி இறுக்குவார்கள், ஈரக்காற்றில் அடிக்கடி. ஆகவே திறந்தவெளி, காய்ந்த விறகு, அதற்கு முன்கூட்டியே அனுமதி. கொல் என்ற குழல் வாசிப்பவருக்கு மைக் தேவைப்படாது. வண்டி, சாப்பாடு, சம்பளம் மூன்றையும் முன்னாடியே பேசி அன்றே கொடுத்துவிடுங்கள். தமிழ்க் கவிஞருக்குப் பொன்னாடை, கலைஞர்களுக்குப் பஸ் காசு என்று நடப்பதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும்.

அருவங்காட்டு வாசகி – 17 பிப்ரவரி 2025

முதல் கூட்டம் முடிந்தது, 11:30-க்கு. முப்பத்தோரு பேர். தொகுப்பு ஒன்று போடலாம் என்று பேச்சு. குன்னூரில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்தால் போதாதா?

பைக்காரா – 18 பிப்ரவரி 2025

ஸ்டேப்ளர் பின் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பழுப்புக் கறை விடும். நூலால் தையுங்கள்.

ஏ4 தாள் ஒன்பது, நடுவில் மடித்தால் 36 பக்கம். உள்தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அட்டை 220. மடித்து அடுக்கி, முதுகில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் உள்ளே ஒவ்வொன்று. குத்தூசியால் உள்பக்கத்திலிருந்து குத்த வேண்டும். மெழுகு தடவிய பருத்தி நூல், ஒரு புத்தகத்துக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, அங்கிருந்து நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. நீளமாக ஓடும் நூலின் இருபக்கமும் இரண்டு முனை வரவேண்டும், அதன்மேல் முடிச்சு. உள்ளே இருக்கும் தாள்கள் ஓரத்தில் துருத்தும், இரண்டு மில்லிமீட்டர் வெட்டிவிடுங்கள்.

தாளின் நார் ஓட்டம் பற்றி இங்கே யாரும் கவலைப்படுவதில்லை, பட வேண்டும். கடையில் கிடைக்கும் ஏ4 கட்டில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை ஏ5-ஆக மடித்தால் நார் முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். ஈரம் ஏறினால் தாள் நாருக்குக் குறுக்குவாக்கில்தான் விரியும், முதுகு பிடித்துக்கொண்டிருக்க ஓரம் அலை அலையாக எழும்பும். கோவையில் அச்சகத்தில் பெரிய தாளாக வாங்கி நார் முதுகுக்கு இணையாக வரும்படி வெட்டச் சொன்னால் தீர்ந்தது. உள்தாளுக்கு முடியாவிட்டால் பரவாயில்லை, அட்டைக்குக் கட்டாயம்.

இங்க்ஜெட் அச்சு ஈரக்கையில் கரையும். லேசர் அல்லது ஆஃப்செட்.

பைக்காரா – 18 பிப்ரவரி 2025

விட்டுப்போனது: அட்டைக்கு லேமினேஷன் செய்யவே கூடாது. வெளிப்பக்கம் பிளாஸ்டிக், ஈரம் ஏறாது. உள்பக்கம் வெறும் தாள், ஈரம் குடித்து விரியும். அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு தானாகத் திறந்து நிற்கும். சமவெளியில் அச்சடித்து ஏற்றிவரும் எல்லாக் கவிதைப் புத்தகமும் ஜூலையில் இப்படித்தான் வாய் பிளந்து கிடக்கிறது.

தேவாலாக்காரன் – 20 பிப்ரவரி 2025

படகர் மொழிக் கவிதையைத் தமிழ் எழுத்தில் அச்சடிக்கும்போது க, ட, த, ப எல்லாம் ka-வா ga-வா என்பதுபோல் குழம்புமே?

பைக்காரா – 21 பிப்ரவரி 2025

பழைய ஸ்தோத்திரப் புத்தக வழி இருக்கிறது: ga, da, ba ஒலிகளுக்கு க³, த³, ப³ என்று மேலெண். எல்லா இடத்திலும் போட்டால் பக்கம் கணக்குப் புத்தகமாகிவிடும். சொல்லின் முதலில் மட்டும் போடுங்கள், நடுவில் உயிருக்கிடையே தமிழ் வாசகர் தானாகவே மெலிதாக உச்சரிப்பார். மேலெண்ணை உயிர்க்குறிக்குப் பின்னால் தட்டச்சு செய்ய வேண்டும், கி³ என்று. முன்னால் போட்டால் எழுத்து உடைந்து புள்ளிவட்டம் வரும். எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப்-ஆகக் கொடுங்கள், வேர்ட் கோப்பாக வேண்டாம். மெய்ப்பை எழுதியவரே சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும்.

அருவங்காட்டு வாசகி – 5 மே 2025

தேநீர் இடைவேளை சொதப்புகிறது. டீக்கு நிறமே வரவில்லை, நாற்பது பேருக்கு எவ்வளவு தூள்?

பைக்காரா – 5 மே 2025

தேயிலை மாவட்டத்தில் இந்தக் கேள்வி! நாற்பது டம்ளர், 100 மில்லி வீதம்: பால் 2 லிட்டர், தண்ணீர் 2¼ லிட்டர், டஸ்ட் 80 முதல் 100 கிராம், சர்க்கரை 300 கிராம். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், உதகையில் இன்னும் ஒன்றிரண்டு குறைவு. ஆகவே சமவெளிக் கணக்கில் இறக்காமல் தூள் போட்டபின் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிட்டு, பிறகு பாலைச் சேருங்கள். எவர்சில்வர் டம்ளர். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குப் போலவே பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்கும் இங்கே தடை உண்டு.

அருவங்காட்டு வாசகி – 28 ஜூலை 2025

செப்டம்பர்க் கூட்டத்தோடு ஓவியக் கண்காட்சி. குறும்பர் ஓவியங்கள், தோடர் பூத்தையல், உள்ளூர் நீர்வண்ணப் படங்கள். பூஞ்சணத்துக்கு என்ன செய்வது?

பைக்காரா – 30 ஜூலை 2025

வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், அதுவும் மழை அடிக்கும் மேற்குச் சுவரில். உள்தடுப்புச் சுவர் அல்லது தனி ஸ்டாண்ட். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. நடுவில் மூன்று நாலு மில்லிமீட்டர் இடைவெளி வருமாறு மவுண்ட் அட்டை. சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும். பின்னட்டைக்குள் செய்தித்தாள் வைக்கும் பழக்கத்தை விடுங்கள், அது ஈரம் பிடித்து வைத்து மஞ்சள் புள்ளி கொடுக்கும்.

குறும்பர் ஓவியத்தில் செம்மண், வெண்மண், கரி எல்லாம் அசையாது. இலைப்பச்சை வெயிலில் வெளுக்கும். இந்த உயரத்தில் வெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் கடுமை. ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். இன்று துணியிலும் தாளிலும் அக்ரிலிக்கில் வரைபவர்களும் இருக்கிறார்கள், எது எதுவென்று பலகையில் எழுதுங்கள், விலை அதைப் பொறுத்தது.

தோடர் பூத்தையலுக்கு 2013-லிருந்து புவிசார் குறியீடு உண்டு. சிவப்பும் கருப்புமான நூல் வேலையில் குண்டூசி குத்தாமல் வழுவழுப்பான மூங்கில் கழியில் தொங்கவிடுங்கள். எந்தப் பக்கம் முகப்பு என்பதைத் தைத்தவரிடம் கேளுங்கள், நாம் பின்பக்கம் என்று நினைப்பதே அவர்களுக்கு முகப்பாக இருக்கலாம். விற்பனைப் பணத்தில் குழு எடுக்கும் பங்கு எவ்வளவு என்பதைக் கண்காட்சிக்கு முன்னால் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

குறிஞ்சியாண்டவர் தெரு – 2 ஆகஸ்ட் 2025

விற்காத தொகுப்புப் பிரதிகளை மழைக்காலத்தில் எங்கே வைக்கிறீர்கள்? எங்கள் கட்டு மூட்டையாக ஒட்டிப்போய்விட்டது.

பைக்காரா – 2 ஆகஸ்ட் 2025

பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் அப்படித்தான். துணிப்பையில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், சமையலறைச் சுவருக்கு மறுபக்கம். இருபது இருபதாக நிற்க வைத்து, வாரம் ஒருமுறை விரித்துவிடுங்கள். நூறுக்குமேல் அச்சடிக்காதீர்கள்.